வெர்மீரின் ‘சின்னத் தெரு’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாப்பூரில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில், மாதத்துக்கு ஒரு ஓவியத்தைத் திரையில் போட்டு அதை மட்டும் நிதானமாகப் பார்க்கும் சிறு கூட்டம் எங்களுடையது. இதுவரை பார்த்த படங்களில் அதிகம் கேள்வி வந்தது இதற்குத்தான். வராதவர்களும் கேட்டுக்கொண்டே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

எந்த ஓவியம் இது? அதில் என்ன இருக்கிறது?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து மறைந்த யொஹானஸ் வெர்மீர் சுமார் 1658இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். இப்போது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது.

எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பதுபோல் ஒரு தெரு. வலப்பக்கம் படிப்படியாக ஏறும் கூம்பு முகப்போடு ஒரு பழைய செங்கல் வீடு. அதன் கீழ்ப்பகுதிக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். திறந்த வாசலில் ஒரு பெண் குனிந்து கைவேலை செய்கிறாள். வீட்டு முன்னால் இரண்டு பிள்ளைகள் மண்டியிட்டு எதையோ வைத்து விளையாடுகிறார்கள். பக்கத்தில் ஒட்டினாற்போல் இரண்டு சந்து வாசல்கள். ஒன்று மூடியிருக்கிறது, திறந்திருக்கும் மற்றதில் ஒரு பணிப்பெண் பீப்பாயின் மேல் குனிந்து நிற்கிறாள். இடப்பக்கம் கொடி படர்ந்த இன்னொரு வீடு. மேலே மேகம் நிறைந்த வானம். அவ்வளவுதான்.

எவ்வளவு பெரியது?

உயரம் 54.3 சென்டிமீட்டர், அகலம் 44. நம் வீட்டுத் தினசரிக் காலண்டர் அட்டையைவிடச் சற்றே பெரிது. எங்கள் திரையில் ஆளுயரத்துக்குப் பார்த்துவிட்டு ஆம்ஸ்டர்டாம் போனவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாக இருந்திருக்கிறது. கிட்டே போய் நின்றதும் அது சரியாகிவிட்டது என்றார்கள்.

ஒன்றுமே நடக்கவில்லையே. இதில் அப்படி என்ன இருக்கிறது?

ஏறக்குறைய எல்லோரும் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்விதான். ராமாயணக் காட்சியும் தஞ்சாவூர்ப் படமும் ரவிவர்மாவும் பார்த்துப் பழகிய கண், படத்துக்குள் ஒரு கதையைத் தேடும். இங்கே கதை கிடையாது. புராணம் இல்லை, அரசர் இல்லை, நம்மைத் திரும்பிப் பார்க்கும் முகம்கூட இல்லை.

இந்தப் படத்தின் நாயகன் அந்தச் சுவர்தான் என்பது எங்கள் கருத்து. ஜன்னல்களைச் சுற்றி ஓடும் விரிசல்களைப் பாருங்கள். எங்கே விரிசல் விட்டதோ அங்கே சாந்து வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்த ஒட்டு பழைய சுவரின் நிறத்தோடு ஒத்துப்போகவில்லை. வெள்ளையடித்த பகுதியின் விளிம்பு நேர்கோடாக இல்லை. ஜன்னல் கதவுகள் பெரும்பாலும் பச்சை, வலது ஓரத்தில் ஒன்று மட்டும் சிவப்பு. பல தலைமுறை புழங்கி, பழுது பார்த்து, மறுபடி புழங்கிய வீடு இது. வெர்மீர் அதை அழகுபடுத்தவும் இல்லை, பரிதாபமாகக் காட்டவும் இல்லை.

செங்கல்லைத் தீட்டிய விதம் தனி ரசனைக்குரியது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லையும் எண்ணிவிடலாம் போல் இருக்கும். உருப்பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கல்லாக அவர் வரையவே இல்லை என்பது தெரியும். செம்பழுப்பு அடிப்பூச்சு, அதன்மேல் ஆங்காங்கே சாந்துக்கோடு, சில இடங்களில் வண்ணத்தைக் கொஞ்சம் தடிமனாக விட்டு ஒரு சொரசொரப்பு. மீதியை நம் கண் நிரப்பிக்கொள்கிறது.

அந்த அமைதி எங்கிருந்து வருகிறது? தெரு அப்போது அப்படித்தான் இருந்ததா?

இருந்திருக்காது. டெல்ஃப்ட் அப்போது ஹாலந்தின் பெரிய நகரங்களில் ஒன்று. பீர், துணி, பீங்கான் என்று தொழில் நடந்த ஊர். 1654 அக்டோபர் 12ஆம் தேதி அங்கே வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஊரின் ஒரு பகுதியே தரைமட்டமானது. ஓவியர் கேரல் ஃபாப்ரிட்டியுஸ் அதில்தான் இறந்தார். நம் படம் தீட்டப்பட்டது அதற்குச் சில வருடங்கள் கழித்து. கட்டட வேலையும் இரைச்சலுமாக ஊர் இருந்திருக்க வேண்டிய காலம்.

ஆக, அமைதி அவர் செய்து வைத்தது. எப்படிச் செய்தார் என்பதற்கு நல்ல தடயம் ஒன்று படத்தின் அடிப்பூச்சில் கிடைத்திருக்கிறது. சந்து வாசலில் முதலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெர்மீர் பிறகு அவளை வண்ணம் பூசி மறைத்துவிட்டார். அவள் அங்கேயே இருந்திருந்தால் என்னவாகும் என்று விரலை வைத்து மறைத்து, எடுத்துப் பாருங்கள். வீட்டு வாசலில் ஒருத்தி, சந்து வாசலில் ஒருத்தி என்றால் உடனே பேச்சு தொடங்கிவிடும். படம் இரண்டு பெண்களின் கதையாகிவிடும். அவளை எடுத்ததும் சந்தின் உள்ளே வரை பார்வை தடையில்லாமல் போகிறது, பணிப்பெண் தன் வேலையோடு தனியாகிறாள்.

மற்ற ஏற்பாடுகளும் உண்டு. நான்கு பேரில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முகங்கள் சில தீற்றல்களுக்கு மேல் இல்லை. வீட்டு முகப்பு நமக்கு நேராக, படச்சட்டத்துக்கு இணையாக நிற்கிறது. கோணலாக ஓடி மறையும் தெருவில் கண்ணும் ஓடும், இங்கே கண்ணுக்கு ஓட இடமில்லை. வலது வீட்டின் ஓரத்தைச் சட்டம் வெட்டிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் தெரு தொடரும் என்று தோன்றுகிறது, ஆனால் நமக்குக் கொடுத்திருப்பது இவ்வளவுதான்.

ஒரு ஆண்கூட இல்லையே?

இல்லை. துவைப்பது, தைப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என எல்லாம் பெண்கள் வேலை. வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதை அன்றைய டச்சுச் சமூகம் ஒரு ஒழுக்கமாகவே கொண்டாடியது. சந்திலிருந்து தெருவுக்கு ஓடும் சிறு வாய்க்காலைக்கூட வெர்மீர் விடவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி பார்த்ததும் சொன்னார்: “வேலை செய்யறவா எல்லாரும் குனிஞ்சிண்டிருக்கா, பாருங்கோ.” அதற்குமேல் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

அந்த வீடு உண்மையில் எங்கே இருந்தது?

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டை நடக்கிறது. சுவாரஸ்யமான சண்டை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

2015இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஃபிரான்ஸ் கிரைசன்ஹவுட் ஒரு பதில் கொடுத்தார். அவர் போய்ப் பார்த்தது ஒரு வரிப் பதிவேட்டை. டெல்ஃப்ட் கால்வாய்களின் ஊர். கால்வாயைத் தூர்வாரவும் கரையைப் பராமரிக்கவும், கரையில் வீடு வைத்திருப்பவர்கள் தங்கள் வீட்டின் அகலத்துக்கு ஏற்ப வரி கட்ட வேண்டும். அதற்காக 1667இல் எடுத்த பதிவேட்டில் ஒவ்வொரு வீட்டின் அகலமும், இடையில் உள்ள சந்துகளின் அகலமும் துல்லியமாக அளந்து எழுதப்பட்டிருக்கின்றன. நம் மாநகராட்சிச் சொத்துவரிப் பேரேட்டைப் புரட்டி ஒரு ஓவியத்துக்கு முகவரி கண்டுபிடிக்கும் நாளை நினைத்துப் பார்க்கிறோம். குடிநீர் வாரிய நிலுவைதான் முதலில் அகப்படும்.

படத்தில் இருப்பது இரண்டு வீடு, நடுவே ஒட்டியபடி இரண்டு சந்து. வீடு ஒவ்வொன்றும் சுமார் 6.3 மீட்டர் அகலம், சந்து ஒவ்வொன்றும் சுமார் 1.2 மீட்டர். இந்தக் கணக்குக்குப் பொருந்தும் இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்றார் கிரைசன்ஹவுட்: ஃப்ளாமிங்ஸ்ட்ராட் தெருவில் இன்றைய 40, 42 எண்கள்.

அடுத்து வந்ததுதான் ஆச்சரியம். வலது பக்க வீடு வெர்மீரின் அத்தை வீடு. அப்பாவின் பாதிச் சகோதரியான (பெற்றோரில் ஒருவர் மட்டும் பொது) அரியான்ட்ஜென் கிளாஸ் வான் டெர் மின்னே கணவரை இழந்தவர். கால்நடைகளின் குடல் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். பக்கத்துச் சந்துக்கே குடல் சந்து என்ற பெயர் வந்துவிட்டது. சென்னைக்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம்: போட்டி விற்ற அத்தை. வெர்மீரின் அம்மாவும் அதே கால்வாயில் எதிர்க்கரையில் கொஞ்சம் தள்ளிக் குடியிருந்தார் என்கிறார் பேராசிரியர். அப்படியானால் சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகிய வீடு இது.

எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. லண்டன் பேராசிரியர் ஃபிலிப் ஸ்டெட்மன் 2017இல் மறுத்து எழுதினார். அவர் சொல்லும் இடம் வோல்டர்ஸ்கிராக்ட். வெர்மீரின் அப்பா நடத்திய ‘மெக்கெலன்’ என்ற விடுதியின் பின்புறம் அது. அங்கே எதிரே இருந்த முதியோர் இல்லக் கட்டடம்தான் படத்தில் இருப்பது என்பது பழைய ஊகம். ஸ்டெட்மன் அதற்குப் புது வாதங்கள் சேர்த்தார்.

எங்கள் சாய்வு? வரிப் பதிவேடு பலமான சாட்சி. ஆனால் அது நிற்பது ஒரு நம்பிக்கையின்மேல்: வெர்மீர் அகலத்தை மாற்றாமல் அப்படியே வரைந்திருப்பார் என்ற நம்பிக்கை. வாசலில் உட்கார்ந்த ஆளையே தூக்கிவிட்டவர், படத்துக்குத் தேவைப்பட்டால் ஒரு சுவரை ஒரு அடி இழுக்கத் தயங்கியிருப்பாரா? ஃப்ளாமிங்ஸ்ட்ராட் என்றே வைத்துக்கொண்டாலும், வீட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவே ஒரு கால்வாய் ஓட வேண்டும். படத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெரியவில்லை. சட்டத்தின் கீழ்விளிம்பை நடைபாதையோடு நிறுத்திக் கால்வாயை அப்படியே வெளியே விட்டுவிட்டார்.

இப்போது போனால் அந்த வீட்டைப் பார்க்கலாமா?

ஃப்ளாமிங்ஸ்ட்ராட்டில் அந்தப் பழைய வீடுகள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வேறு கட்டிவிட்டார்கள். வலது பக்கச் சந்து வாசல் மட்டும் இருக்கிறது. வோல்டர்ஸ்கிராக்ட் முதியோர் இல்லத்தை 1661ஆம் ஆண்டளவில் ஓவியர் சங்கத்துக்காக மாற்றிக் கட்டிவிட்டார்கள். எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் வீடு கிடைக்காது.

கொடியின் இலைகள் ஏன் நீலமாக இருக்கின்றன? பிரிண்ட் கோளாறா?

பிரிண்ட்மேல் பழி போடாதீர்கள். நீலத்தோடு மஞ்சள் கலந்து பச்சை உண்டாக்குவது அக்கால வழக்கம். தாவரச் சாயத்திலிருந்து எடுத்த மஞ்சள் வெளிச்சம் பட்டு நாளடைவில் மங்கிவிடும், நீலம் தங்கிவிடும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்கள் பலவற்றில் இந்த நீல இலைகளைப் பார்க்கலாம்.

கேமரா அப்ஸ்கூரா வைத்து வரைந்தாரா?

இருட்டுப் பெட்டியில் சிறு துளை வழியே வெளிக்காட்சி தலைகீழாக விழும் கருவி அது. வெர்மீர் அதைப் பயன்படுத்தினார் என்று அளவுகள் போட்டு வாதிட்டவர்களில் முக்கியமானவர் மேலே சொன்ன அதே ஸ்டெட்மன். அவருடைய வாதம் பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் ஓவியங்களைப் பற்றியது. வெர்மீர் அந்தக் கருவியை வைத்திருந்தார் என்பதற்கு நேரடி ஆவணம் ஏதும் இல்லை. வைத்திருந்தாலும், எதை அழிப்பது என்று எந்தப் பெட்டியும் சொல்லித்தராது.

அவர் இப்படி நிறையத் தெருக்கள் வரைந்தாரா?

இல்லை. இன்று அவருடையவை என்று ஏற்கப்படுபவை மொத்தமே 37 அளவில்தான். அவற்றில் வெளிப்புறக் காட்சி இரண்டே இரண்டு: இது ஒன்று, ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் உள்ள டெல்ஃப்ட் நகரக் காட்சி மற்றொன்று. மீதி பெரும்பாலும் ஜன்னலோர அறைகள். அதே ஊரில் அதே சமயத்தில் பீட்டர் டி ஹோக் செங்கல் முற்றங்களைத் தீட்டிக்கொண்டிருந்தார். யார் யாரைப் பார்த்துக் கற்றார்கள் என்பது தனிப் பட்டிமன்றம்.

மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. வெர்மீர் 1675 டிசம்பரில் கடனோடு இறந்தார், வயது 43. 1696 மே 16ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஏலம் நடந்தது. அதில் அவருடைய படங்கள் 21 வந்தன. ஏலப் பட்டியலில் “டெல்ஃப்டில் உள்ள ஒரு வீட்டின் காட்சி” 72 கில்டர் 10 ஸ்டைவருக்குப் (அன்றைய டச்சு நாணயங்கள்) போனது. இதுதான் நம் படம் என்பது பொதுவான கருத்து. அதற்கு அடுத்த வரியில் “சில வீடுகளின் காட்சி”, 48 கில்டர். அந்த இரண்டாவது படம் என்ன ஆனது என்று இன்றுவரை துப்பு இல்லை. நகரக் காட்சி அதே ஏலத்தில் 200 கில்டருக்குப் போனது. சின்னத் தெருவுக்கு அன்றும் சின்ன விலைதான்.

மியூசியத்துக்கு எப்படி வந்தது?

ஆம்ஸ்டர்டாமின் சிக்ஸ் குடும்பத்தாரிடம் வெகுகாலம் இருந்தது. 1921இல் ராயல் டச்சு எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி டெட்டர்டிங் வாங்கி ரைக்ஸ்மியூசியத்துக்குக் கொடுத்தார்.

டெல்ஃப்டுக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு?

உண்டு. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வண்டி ஓட்டினால் போதும். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் அதுதான், 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை. அந்தக் கம்பெனி ஆறு நகரங்களின் கிளைகள் சேர்ந்து நடத்தியது. ஆறில் ஒன்று டெல்ஃப்ட். ஆக, இந்தத் தெருக்காரர்களில் யாரோ சிலர் போட்ட முதலும் நம் ஊர்த் துணி வாங்க வந்திருக்கலாம். பழவேற்காட்டுக் கோட்டையில் வெடிமருந்தும் தயாரித்தார்கள்.

கோட்டை இப்போது புதர்மேடு. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது, தொல்லியல் துறைப் பாதுகாப்பில். நுழைவாயிலில் இருபுறமும் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே வெர்மீர் காலத்துக் கல்லறைப் பலகைகள். பறவை பார்க்கவும் இறால் வாங்கவும் போகிறவர்கள் அரைமணி ஒதுக்கலாம்.

இன்னொரு கணக்கும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1639 ஆகஸ்டில் மதராசப்பட்டினத்துக்கு ஆங்கிலேயர் நிலம் வாங்கியபோது வெர்மீருக்கு வயது ஆறு. இந்தப் படத்தைத் தீட்டியபோது நம் ஜார்ஜ் கோட்டைக்கு ஏறக்குறைய இருபது வயது.

சென்னையில் இதை நல்ல தரத்தில் எப்படிப் பார்ப்பது?

மூலப்படம் இங்கே வந்ததில்லை. வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ரைக்ஸ்மியூசியம் தன் இணையதளத்தில் மிகப்பெரிய அளவுப் படத்தை இலவசமாகத் தருகிறது, உரிமைத் தொல்லை கிடையாது. கைப்பேசியில் பார்த்தால் விரிசல்கள் தெரியாது. ஒரு நல்ல கணினித் திரையிலாவது பாருங்கள். அச்சடித்து மாட்டுவதென்றால் உண்மையான அளவிலேயே, பளபளப்பில்லாத தாளில் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் “கொஞ்சம் கலர் தூக்கிடலாமா சார்?” என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செங்கல் தக்காளியாகிவிடும்.

எங்கள் தெருவை இப்படி வரைய ஆசை. எங்கே தொடங்குவது?

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி சந்துகளில் திண்ணையும் ஓட்டுச்சரிவும் உள்ள வீடுகள் இன்னும் சில மிச்சம். இடிக்கும் முன் வரையுங்கள். திண்ணை வீடுதான் வேண்டும் என்பதும் இல்லை. எண்பதுகளில் கட்டி, மூன்று முறை வேறு வேறு நிறத்தில் பெயிண்ட் அடித்த அடுக்குமாடியின் மதில் சுவரும் போதும். பழுது பார்த்த அடையாளம் இருந்தால் சரி.

எதிர்ச்சாரியில் நேர் எதிரே நில்லுங்கள். தெரு ஓடி மறையும் கோணத்தைத் தவிருங்கள், அது எல்லோரும் வரைவது. சென்னையில் பெரிய எதிரி வெயில். வெள்ளைச் சுவரில் நேர்வெயில் பட்டால் சுவரின் பாதி சங்கதி காணாமல் போய்விடும். வெர்மீரின் வானத்தில் மேகம் இருப்பதைக் கவனியுங்கள். நிழல்கள் மென்மையாக இருப்பதற்கு அதுவே காரணம். நமக்கு அந்த வெளிச்சம் ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட காலைகளில் கிடைக்கும். இல்லையென்றால் வடக்குப் பார்த்த வீடாகத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அந்த முகப்பில் நேர்வெயில் விழாது; நாள் முழுவதும் ஒரே சீரான நிழலில் உட்கார்ந்து வரையலாம்.

ஆட்கள் தானாக வருவார்கள். பூ கட்டுகிறவர், இஸ்திரி வண்டிக்காரர், கோலத்தைத் தாண்டிக் குதிக்கும் பிள்ளை. முதல் படத்தில் எல்லோரையும் வரைந்துவிடுங்கள். பிறகு ஒவ்வொருவராக விரலால் மறைத்துப் பாருங்கள். யாரை மறைத்தால் படம் மேம்படுகிறதோ அவரை எடுத்துவிடுங்கள்.

கேபிள் ஒயர், ஏசி பெட்டி, மின்வாரியப் பெட்டி, வாசலை அடைத்து நிற்கும் இருசக்கர வண்டி, இவற்றை வரைய வேண்டுமா என்று கட்டாயம் கேட்பீர்கள். எங்கள் கூட்டம் இதில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒயரை விடலாம் என்பவர்கள்கூட வண்டியை விடக் கூடாது என்கிறார்கள். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்வது அதுதானாம்.